கேரவன் வேனில் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரூரிலும் கோவையிலும் பாடி கட்டும் பட்டறைகளில் வேன்களைப் படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் வைத்த கேரவன்களாக மாற்றிக்கொள்ளும் குடும்பங்கள், வண்டியின் பின்பக்கத்துக்கு ஆசிட் பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் பேட்டரியைத் தேர்ந்தெடுப்பது இப்போது சகஜமாகிவிட்டது. பேட்டரியை விசாரித்து வாங்குகிற அக்கறை, அதைச் சார்ஜ் செய்யும் வழியில் காட்டப்படுவதில்லை. பேட்டரி கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் பல வண்டிகளில் பழுது சார்ஜரிலோ, ஒயரிலோ, பேட்டரி வைத்த இடத்திலோதான் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

லித்தியம் பேட்டரி என்றால் எல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. வேனுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கடைக்காரர்கள் இதை எல்.எஃப்.பி. என்பார்கள். 1997இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த வகை இது. ஒரு செல்லுக்கு 3.2 வோல்ட் என்று நான்கு செல்களைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் வரும். முழுச் சார்ஜுக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை போதும் என்பதால், 12 வோல்ட் வண்டியோடு இது இயல்பாகப் பொருந்திவிடுகிறது.

பழைய மின் ஸ்கூட்டர்களிலிருந்து பிரித்தெடுத்த செல்களைக் கொண்டு கட்டிய மலிவான பேட்டரிகளில் எச்சரிக்கை தேவை. அவற்றில் பல நிக்கல் மாங்கனீசு கோபால்ட் வகையைச் சேர்ந்தவை. அந்த வகை செல்லின் மேல் எல்லை 4.2 வோல்ட். மூன்று செல்களைத் தொடராக வைத்து 12 வோல்ட் பேட்டரி என்று விற்கப்படும் ஒன்றுக்கு 12.6 வோல்ட்தான் உச்சம். அதில் எல்.எஃப்.பி. சார்ஜரை மாட்டினால் செல்லுக்கு 4.8 வோல்ட் போகும், அது தீயில் போய் முடியக்கூடும். குழந்தைகள் படுத்துறங்கும் வண்டியில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். வேதியியல் வகை, செல்களின் எண்ணிக்கை, சார்ஜ் வோல்டேஜ் ஆகிய மூன்றையும் விற்பவர் எழுதித் தரமாட்டார் என்றால் வாங்காதீர்கள்.

வீட்டு யூ.பி.எஸ்ஸிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாமா?

லித்தியத்துக்கான அமைப்பு உள்ள யூ.பி.எஸ் என்றால் தாராளமாகச் செய்யலாம். டியூபுலர் என்னும் ஆசிட் பேட்டரிக்காக மட்டுமே வடிவமைத்த பழைய யூ.பி.எஸ் என்றால் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஈயத் தகட்டில் படியும் சல்பேட்டைக் கரைப்பதற்காகச் சில சார்ஜர்கள் அவ்வப்போது 15.5 வோல்ட் அல்லது அதற்கும் மேலே ஏற்றும். லித்தியத்தில் அந்த வேலைக்குத் தேவையே இல்லை, அது செல்களுக்குக் கெடுதல்தான். அடுத்தது, முழுதாக ஏறிய பிறகும் 13.7 வோல்ட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும் பழக்கம். இது உடனே சேதம் செய்யாது என்றாலும், மாதக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே நிறுத்திவைப்பதால் பேட்டரி சீக்கிரம் மூப்படையும். பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ் என்னும் காவல் பலகை அளவு மீறும்போது இணைப்பைத் துண்டிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது அவசரத்துக்கான கடைசிக் காவல்; தினமும் அதை நம்பிச் சார்ஜ் செய்வது முறையல்ல.

டைனமோவிலிருந்து நேராக ஒயர் இழுத்துச் சார்ஜ் செய்தால் என்ன?

அதிகமாகக் கேட்கப்படுவதும், அதிகமாகத் தவறு நடப்பதும் இதில்தான். ஆசிட் பேட்டரி இருந்த காலத்தில் ஒரு ரிலேவை வைத்து முன் பேட்டரியையும் பின் பேட்டரியையும் சேர்த்துவிடுவார்கள், அதில் பெரிய தொல்லை வந்ததில்லை. காரணம், ஆசிட் பேட்டரி ஏற ஏறத் தானாகவே கரண்ட்டைக் குறைத்து வாங்கும். லித்தியத்தின் உள்மின்தடை மிகக் குறைவு. பாதி காலியான 200 ஆம்பியர்-மணி பேட்டரி, ஒயர் இடம் கொடுத்தால் 80, 100 ஆம்பியர் என்று இழுக்கும்; ஏறக்குறைய நிறையும் வரை அந்த இழுப்பு தணியாது. தொண்ணூறு ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும் டைனமோ அந்தத் தொண்ணூறை மணிக்கணக்கில் தருவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஏ.சி. போட்டுக்கொண்டு வண்டியை ஐடிலில் நிறுத்தியிருக்கும்போது டைனமோவின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு வெளியேற வழியின்றிக் கம்பிச் சுருள் கருகும், டயோடு போகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது பி.எம்.எஸ் திடீரென்று இணைப்பைத் துண்டித்தால், அதுவரை வெளியே போய்க்கொண்டிருந்த கரண்ட்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். டைனமோவின் டயோடுகளையும் வண்டியின் மின்னணுப் பலகைகளையும் அந்த ஒரு கணமே பதம் பார்த்துவிடும்.

2020 ஏப்ரல் முதல் வந்த, பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகளில் வேறொரு சிக்கல். இவற்றில் பலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கணினியே டைனமோவின் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிறது. பேட்டரி நிறைந்திருப்பதாக அது கருதினால் 12.5 வோல்ட் அளவுக்கு இறக்கிவிடும். அந்த வோல்டேஜில் லித்தியம் ஏறவே ஏறாது; ஈரோட்டிலிருந்து கன்னியாகுமரி வரை ஓட்டினாலும் பின் பேட்டரி காலியாகவே இருக்கும்.

இந்த மூன்றுக்கும் தீர்வு ஒன்றுதான்: இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர். அது டைனமோவிடமிருந்து குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாங்காது, உள்ளே வரும் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் லித்தியத்துக்கு வேண்டிய 14.4 வோல்ட்டையே கொடுக்கும், என்ஜின் நின்றதும் முன் பேட்டரியைத் தொடாது. பி.எஸ். 6 வண்டி என்றால், சாவி ஆன் நிலையில் மட்டும் கரண்ட் வரும் ஒயரையும் அதற்குக் கொடுக்க மறக்கக்கூடாது. வோல்டேஜை மட்டும் பார்த்து முடிவெடுக்கும்படி விட்டால், என்ஜின் ஓடும்போதே அது நின்று நின்று வேலை செய்யும்.

எத்தனை ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் வாங்குவது?

பின் பேட்டரி 200 ஆம்பியர்-மணி என்றால் 30 ஆம்பியர் போதும் என்பது என் கருத்து. 30 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் வெளியே தருவதற்கு, இழப்பையும் சேர்த்து அது டைனமோவிடமிருந்து ஏறத்தாழ 37 ஆம்பியர் வாங்கும். ஹெட்லைட், ஏ.சி. புளோவர், ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஓடிய பிறகும் தொண்ணூறு ஆம்பியர் டைனமோ இதைத் தாங்கும். ஈரோட்டிலிருந்து கோவைக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி ஏறிவிடும். ஒரு இரவு ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடிய செலவை ஈடுகட்ட இது பெரும்பாலும் போதுமானது.

அறுபது ஆம்பியர் சார்ஜரைப் பரிந்துரைப்பவர்கள், சமவெளியில் நான்கு வழிச்சாலையில் ஓடும் வண்டியை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. இவற்றில் இரண்டாம் கியரில் ஏறும்போது என்ஜின் அறை கொதிக்கும், காற்றோட்டமும் இருக்காது. அந்த ஏற்றத்தில் டி.சி.-டி.சி. சார்ஜரை அணைத்துவைக்க ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்வது நல்லது. இதற்கான செலவு மிகச் சிறிது.

எங்கள் வண்டி 24 வோல்ட். என்ன செய்வது?

24 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட் லித்தியத்துக்குக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் கிடைக்கிறது, இல்லையென்றால் எட்டு செல் கொண்ட 25.6 வோல்ட் பேட்டரியையே வைக்கலாம். லாரிகளில் ரேடியோவுக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கும் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் இரண்டுமே பாழாகும்.

ஒயர் கனம் அவ்வளவு முக்கியமா?

பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலின் கடைமடைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தலைமடையில் திறந்த தண்ணீர் அப்படியே கடைசிவரை வந்து சேர்வதில்லை. கணக்காகவே சொல்கிறேன். என்ஜினிலிருந்து பின்பக்கம் வரை ஐந்து மீட்டர், திரும்பி வருவதற்கு ஐந்து மீட்டர் என்று பத்து மீட்டர் செம்பு ஒயரில் 40 ஆம்பியர் ஓடினால், 6 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் 1.15 வோல்ட் வழியிலேயே போய்விடும். 16 ஸ்கொயர் எம்.எம். என்றால் இழப்பு 0.43 வோல்ட். காணாமல் போன வோல்டேஜ் சூடாக மாறி ஒயரின் உறையைத்தான் சுடுகிறது. பத்து மீட்டருக்கு 16 ஸ்கொயர் எம்.எம். என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள், 25 கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒயரை விடவும் அதன் முனையில் போடும் லக் என்னும் உலோக வளையத்தைக் கவனியுங்கள். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்கை வெட்டிப் பார்த்தால், செம்பு இழைகளுக்கு நடுவே இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியும். சில மாதங்களில் அந்த இடைவெளிகளில் கறுப்பு படியும். ஹைட்ராலிக் கிரிம்ப் கருவியால் அழுத்திய லக்கில் இழைகள் ஒன்றோடொன்று இறுகி, வெட்டுமுகம் திடச் செம்பு போலவே இருக்கும். வண்டி அரைமணி நேரம் ஓடிய பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு லக்குக்கு மேலே உறையுள்ள இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த இணைப்பை அன்றே மாற்ற வேண்டும்.

கூரையில் சோலார் போட்டால் வேறு எதுவும் வேண்டாமா?

வெயிலுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. 400 வாட் பேனலைக் கூரையில் படுக்கையாகப் பதித்தால், நல்ல வெயில் நாளில் இழப்புகள் போக 1,400 அல்லது 1,500 வாட்-மணி எதிர்பார்க்கலாம். 200 ஆம்பியர்-மணி பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 2,560 வாட்-மணி. ஆக, ஒரு நாள் வெயிலில் பாதிக்கும் மேல் நிறையும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே கரண்ட்டைச் சீராக்கும் எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை லித்தியம் என்று மாற்றி வைத்திருக்கிறார்களா என்று நீங்களே திரையில் சரிபாருங்கள். ஆசிட் பேட்டரி அமைப்பிலேயே விட்டுவிடுவது பொருத்துபவர்கள் பலர் செய்யும் தவறு.

ஆனி, ஆடியில் கதை மாறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுழலும், ஆனால் வானம் மேகமூட்டமாகவே இருக்கும்; வால்பாறையில் சின்னக்கல்லாறு போன்ற இடங்களில் மழை விடாது. அந்த நாட்களில் சோலாரை நம்பிக் கிளம்பாதீர்கள்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் நிறுத்துபவர்களுக்கு வேறொரு இழுபறி இருக்கிறது. நிழலில் நிறுத்தினால் வண்டியும் பேட்டரியும் குளிர்ச்சியாக இருக்கும், பேனலோ வேலை செய்யாது; ஒரே ஒரு மட்டையின் நிழல் விழுந்தாலும் பேனலின் உற்பத்தி வெகுவாகக் குறைந்துவிடும். இதற்கு நான் சொல்லும் வழி, கூரையில் பாதியும், மடித்து எடுத்துவைக்கும் பேனலாகப் பாதியும் வைத்துக்கொள்வது. வண்டியை நிழலில் விட்டுவிட்டு, நீளமான ஒயரோடு மடிப்புப் பேனலை வரப்போரம் வெயிலில் சாய்த்து வைக்கலாம். சூரியனைப் பார்த்துச் சாய்த்து வைப்பதால் படுக்கைப் பேனலைவிடக் காலையிலும் மாலையிலும் அது கூடுதலாகவே தரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் சார்ஜ் செய்யலாமா?

லித்தியம் பேட்டரியைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் குளிர்நாடுகளிலிருந்து வருவதால், உறைபனியைப் பற்றியே பேசுகின்றன. நமக்கு முதல் எதிரி வெப்பம். பெரும்பாலான எல்.எஃப்.பி. பேட்டரிகளுக்குச் சார்ஜ் செய்வதற்கான மேல் எல்லை 45 டிகிரி. ஈரோட்டிலும் கரூரிலும் வெளிக்காற்றே 40 டிகிரியைத் தொடும் நாளில், கண்ணபுரம் மாட்டுச் சந்தைத் திடலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நிறுத்திய வேனுக்குள் வெப்பம் அதைவிட மிக அதிகமாகிவிடும். அந்த நேரத்தில்தான் சோலாரும் முழுவீச்சில் கரண்ட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். பி.எம்.எஸ் துண்டித்தால் நல்லது. துண்டிக்காவிட்டால் வெளியே எதுவும் தெரியாமலே செல்கள் மூப்படைந்துகொண்டிருக்கும். பத்து டிகிரி கூடினால் மூப்பின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நிறைந்த சார்ஜும் கடும் வெப்பமும் சேர்ந்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை.

அதனால் பாடி கட்டும்போதே இடத்தை முடிவு செய்ய வேண்டும். சைலன்சர் போகும் பக்கத்தில் வேண்டாம். வெயில் நேராக அடிக்கும் பின்கதவை ஒட்டி வேண்டாம். பட்டறையில் இடம் மிச்சமாகும் என்று பேட்டரியையும் டி.சி.-டி.சி. சார்ஜரையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துத் தருவார்கள், அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சார்ஜர் வேலை செய்யும்போது சிறிய பல்பு அளவுக்குச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும், அந்தச் சூட்டைப் பேட்டரிக்கு ஊட்டுவானேன்? இரண்டுக்கும் நடுவே தடுப்பும், பெட்டியின் கீழும் மேலும் காற்றுத் துளைகளும், உள்ளே ஒரு சிறிய ஃபேனும் வைத்தால் பேட்டரியின் ஆயுள் நீளும்.

கோடையில் சார்ஜ் செய்ய விடியற்காலையும் முன்காலையுமே ஏற்ற நேரம். நண்பகலில் வண்டியை மூடிவிட்டுப் போக நேர்ந்தால் பேனலின் பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள்.

டிசம்பரில் ஊட்டிக்குப் போகிறோம். பேட்டரி தாங்குமா?

உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகவே மின்வாயின் மேல் படிந்துவிடும், அந்தச் சேதம் மீளாதது. தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் பனி உறையும் இரவுகள் உண்டு என்றாலும், வண்டிக்குள் வைத்த பேட்டரி அவ்வளவு சீக்கிரம் குளிர்ந்துவிடாது. விடிந்ததும் உடனே சார்ஜரைப் போடாமல் வெயில் ஏறும் வரை பொறுத்தால் போதும். மின்சாரத்தை எடுத்துப் பயன்படுத்துவதில் தடையில்லை. குளிரில் சார்ஜைத் தானே தடுக்கும் வசதி பி.எம்.எஸ்ஸில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும் பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுப்பது லடாக் போகிறவர்களுக்கு நியாயம். நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வருகிறவர்களுக்குத் தேவையில்லை.

தோட்டத்து மோட்டார் ரூமிலிருந்து கரண்ட் எடுக்கலாமா?

கூடாது. விவசாயத்துக்கான இலவச மின் இணைப்பை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு. உங்களுக்கு இடம் கொடுத்த தோட்டக்காரருக்குத்தான் அதனால் தொல்லை வரும். சாளையில் (தோட்டத்து வீட்டில்) வீட்டு இணைப்பு இருந்தால், யூனிட்டுக்கான காசைக் கொடுத்துவிட்டு அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்போதும் 6 ஆம்பியர் பிளக்கில் பெரிய சார்ஜரை மாட்டாதீர்கள். 30 ஆம்பியர் சார்ஜர் சுமார் 500 வாட்தான் எடுக்கும், பிரச்சினையில்லை. 60 ஆம்பியர் சார்ஜர் ஆயிரம் வாட் எடுக்கும். அது 16 ஆம்பியர் பவர் பிளக்குக்கு உரியது. எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருளாகவே விடாமல் முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும், சுருளுக்குள் சூடு தங்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் சிறு பிளக் கருவி ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள், வண்டிப் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் இருக்கட்டும். இரும்பு உடம்புள்ள வண்டி, ஈரமான வரப்பு, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் என்று எல்லாம் கூடும் இடம் அது.

வோல்ட் மீட்டரைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

முடியாது. 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே 0.2 வோல்ட் அளவுதான் வித்தியாசம், அதுவும் சுமை இல்லாமல் ஓய்வில் இருக்கும்போது. நெகட்டிவ் பக்கத்தில் ஷன்ட் (ஓடும் கரண்ட்டை அளக்க உதவும் மின்தடைப் பட்டை) வைத்த மீட்டர், போவதையும் வருவதையும் எண்ணிச் சரியாகக் காட்டும். எல்லா நெகட்டிவ் ஒயர்களும் அதன் வழியாகவே போக வேண்டும். ஒன்று தப்பினாலும் கணக்கு தப்பும்.

நூறு சதவீதம் ஏற்றக்கூடாது என்கிறார்களே?

பயணத்தில் இருக்கும்போது ஏற்றலாம். மாதத்துக்கு ஒரு முறையாவது 14.2 வோல்ட்டுக்கு மேலே கொண்டுபோய் அரைமணி, ஒரு மணி நேரம் பிடித்துவைப்பது அவசியமும்கூட, ஏனென்றால் பி.எம்.எஸ் நான்கு செல்களையும் சமப்படுத்துவது அந்த உச்சத்தில்தான். கூடாதது, ஏற்றிவிட்டு அப்படியே நிறுத்திவைப்பது. ஆடியில் அந்தியூர்த் தேர்த்திருவிழாவுக்குப் போய்வந்து, அடுத்துப் பொங்கலுக்குத்தான் வண்டியை எடுப்பீர்கள் என்றால், பாதிச் சார்ஜில் விட்டு, பேனலையும் எல்லாச் சுமைகளையும் துண்டித்துவிடுங்கள். கன்ட்ரோலரில் முதலில் பேனலையும் பிறகு பேட்டரியையும் கழற்ற வேண்டும். மாட்டும்போது முதலில் பேட்டரி.

பேட்டரி முனையில் 0 வோல்ட் காட்டுகிறது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. மிகவும் இறங்கியதால் பி.எம்.எஸ் தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கும். பல சார்ஜர்கள் எதிரே வோல்டேஜ் இல்லை என்றால் தொடங்காது. அதற்கென எழுப்பும் வசதியுள்ள லித்தியம் சார்ஜரை மாட்டினால் விழித்துக்கொள்ளும். ஆனால் பல மாதங்கள் அப்படியே கிடந்த பேட்டரி என்றால், செல்களின் வோல்டேஜைத் தனித்தனியே அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். அடிமட்டத்துக்கும் கீழே இறங்கிய செல்லை வலுக்கட்டாயமாக ஏற்றுவது ஆபத்தானது.

பழைய பேட்டரியோடு சேர்த்து வைக்கலாமா?

ஆசிட்டையும் லித்தியத்தையும் இணையாகச் சேர்க்காதீர்கள். இரண்டு லித்தியம் பேட்டரிகளை இணையாக்குவதானால் ஒரே கொள்ளளவு, ஒரே தயாரிப்பு, ஏறக்குறைய ஒரே வயது இருக்கட்டும். சேர்ப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள்.

பியூஸ் எங்கே போட வேண்டும்?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். ஷார்ட் ஆனால் லித்தியம் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். கார் ஆடியோ கடையில் கிடைக்கும் சாதாரணப் பியூஸ் உருகினாலும் அதற்குள் தீப்பொறி நிற்காமல் பாயக்கூடும். பெரிய பேட்டரிக்கு கிளாஸ்-டி (Class T) வகைப் பியூஸ்தான் சரி, விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். டி.சி.-டி.சி. சார்ஜருக்குப் போகும் ஒயருக்கு இரு முனைகளிலும் பியூஸ் வேண்டும், ஏனென்றால் அதன் இரண்டு பக்கமும் பேட்டரிதான். பேட்டரிப் பெட்டியிலிருந்து புகையோ காரமான வாடையோ வந்தால் உள்ளே என்ன என்று திறந்து பார்க்காதீர்கள். அந்தப் புகை நச்சு. எல்லோரையும் இறக்கிக் காற்று வரும் திசையில் தொலைவாக நிறுத்திவிட்டு, 112ஐ அழைத்து, லித்தியம் பேட்டரி என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.